மேட் வார்னிஷ் வெளுத்த ஹரிக்கேன்: திருகோணமலைக் காற்றில் மொடல் விமானத்துக்கு இறுதிப் பூச்சு

தம்பி கேட்டது இதுதான். இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரித்தானியச் சண்டை விமானமான ஹரிக்கேனின் பிளாஸ்டிக் மொடல் ஒன்றை 1/72 அளவில் கட்டி, எயார்பிரஷ்ஷால் (காற்றழுத்தத்தில் வர்ணம் தூவும் சிறு கருவியால்) வர்ணம் அடித்து, டெக்கல் (தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் சின்னப் படலம்) ஒட்டி, கடைசியில் ஸ்ப்ரே டின்னால் மேட், அதாவது மினுக்கமில்லாத, வார்னிஷ் அடித்திருக்கிறார். இடம் உப்புவெளி, மாதம் மார்கழி, நேரம் இரவு. ஐந்து நிமிடத்துக்குள் சிறகு முழுவதும் வெள்ளைப் புகை படிந்தமாதிரி ஆகிவிட்டது. டெக்கல்களுக்கு அடியிலும் வெள்ளி மினுக்கம் தெரிகிறது. இதைக் காப்பாற்றலாமா, அடுத்த விமானத்தில் என்ன மாற்ற வேண்டும் என்று கேட்கிறார்.

காப்பாற்றலாம். ஆனால் இவை இரண்டும் தனித்தனிப் பிழைகள். சிறகு வெளுத்தது அன்றிரவுக் காற்றால். டெக்கல் வெள்ளியானது அதற்கு முன்பே, டெக்கலை ஒட்டிய நேரத்தில் நடந்துவிட்டது. வார்னிஷ் அதைக் காட்டிக் கொடுத்தது, அவ்வளவுதான்.

முதலில் வெளுப்பு. ஸ்ப்ரே டின்னில் வருவது பெரும்பாலும் லாக்கர். அதன் கரைப்பான் வேகமாக ஆவியாகும். ஆவியாகும்போது மேற்பரப்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். டின்னுக்குள் இருந்து விரிந்து வரும் வாயுவும் குளிர்ந்துதான் வரும். மார்கழி இரவில் 26 பாகை, ஈரப்பதம் 85 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் காற்றில் உள்ள ஈரம் ஏறத்தாழ 23 பாகையில் நீராகப் படியத் தொடங்கும். சிறகு மூன்று பாகை குளிர்ந்தாலே போதும், காயாத வார்னிஷுக்குள் கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகள் இறங்கிவிடும். பிறகு துளிகள் போய்விடும், அவை இருந்த நுண்ணிய ஓட்டைகள் நிற்கும். வெளிச்சம் அந்த ஓட்டைகளில் சிதறுவதைத்தான் வெள்ளையாகப் பார்க்கிறீர்கள். இதே வேலையை ஆடி மாதப் பகலில், 34 பாகையில், 55 சதவீத ஈரப்பதத்தில் செய்தால் நீர் படிய மேற்பரப்பு பத்துப் பாகை குளிர வேண்டும். அது நடக்காது. ஆகவே டின் பழுது என்றோ, கம்பனி சரியில்லை என்றோ எறிந்துவிட வேண்டாம்.

வெள்ளை எந்த வகை என்று சோதிக்க எளிய வழி உண்டு. சுத்தமான தண்ணீரில் தூரிகையைத் தோய்த்து வெளுத்த இடத்தில் ஒரு கோடு இழுங்கள். நனைந்த இடத்தில் நிறம் பழையபடி தெரிந்து, காய்ந்ததும் திரும்ப வெளுத்தால் பிழை மேல்படலத்தில்தான் இருக்கிறது. மேலே மினுக்க வார்னிஷ் போட்டால் ஓட்டைகள் நிரம்பி வெள்ளை மறையும். நனைத்தும் வெள்ளை போகவில்லை என்றால் அது பெரும்பாலும் வார்னிஷ் கனமாகத் தேங்கி, மினுக்கம் குறைக்கும் தூள் மூலைகளில் சேர்ந்ததாக இருக்கும். சிறகு உடலோடு சேரும் மடிப்பையும் சில்லுக் குழியையும் பாருங்கள், அங்கேதான் மோசமாக இருக்கும். மூன்றாவது வகை, விரலால் தொட்டால் மாவாக வருவது. துளிகள் பறக்கும்போதே காய்ந்து தூளாக விழுந்தவை அவை. பழைய பருத்தித் துணியால் மெதுவாகத் துடைத்தாலே பாதிக்கு மேல் போய்விடும்.

உங்களுடையது ஐந்து நிமிடத்தில் சிறகு முழுக்க வந்தது என்பதால் முதல் வகைதான். இரண்டு நாள் அப்படியே விடுங்கள். மழை விட்டு வெயில் வந்த ஒரு நாளில், காலை பதினொன்றுக்கும் பின்னேரம் மூன்றுக்கும் இடையில், மிஸ்டர் கலர் என்ற மொடல் லாக்கர் வகையின் மினுக்க வார்னிஷ் ஒரு பங்கும் அதற்கான மிஸ்டர் லெவலிங் தின்னர் இரண்டு பங்கும் கலந்து எயார்பிரஷ்ஷால் மூன்று மெல்லிய படை அடியுங்கள். ஒவ்வொரு படைக்கும் இடையில் பத்து நிமிடம். லெவலிங் தின்னரில் மெதுவாக ஆவியாகும் பொருள் சேர்ந்திருக்கிறது. அது பழைய படலத்தை இளக்கி ஓட்டைகளை மூடும், மேற்பரப்பையும் சட்டென்று குளிரவிடாது. முதல் படை பட்டதுமே நிறம் திரும்புவதைக் காணலாம். அந்தச் சந்தோசத்தில் கனமாக அடித்துவிடாதீர்கள், அடியில் டெக்கல் இருக்கிறது. கரைப்பான் கடுமையான லாக்கர் கனமாகப் பட்டால் டெக்கல் சுருங்கும். டமியா கம்பனியின் டிஎஸ்-13 மினுக்க ஸ்ப்ரே இந்த விஷயத்தில் பேர்போனது.

இனி டெக்கல். மேட் வர்ணம் நுண்ணளவில் கரடுமுரடானது. அதன்மேல் டெக்கலை வைத்தால் மேடுகளில் மட்டும் ஒட்டும், பள்ளங்களில் காற்று நிற்கும். அந்தக் காற்றுத்தான் வெள்ளியாக மினுங்குகிறது. இப்போது செய்யக்கூடியது: மெல்லிய ஊசியால் வெள்ளிப் பகுதியில் ஒரு மில்லிமீற்றருக்கு ஒன்றாகக் குத்தி, டெக்கலை இளக்கும் திரவமான மைக்ரோ சோல் அல்லது மிஸ்டர் மார்க் சொஃப்டரைத் தூரிகை நுனியால் தொட்டு விடுங்கள். அது துளை வழியாக உறிஞ்சப்பட்டு உள்ளே போகும். ஒரு மணித்தியாலம் விட்டு மீண்டும். மூன்று நான்கு தடவையில் பெரும்பகுதி அடங்கும். மினுக்க வார்னிஷ் அடிப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். எழுத்துகளுக்கு வெளியே இருக்கும் தெளிந்த படலம் மட்டும் மினுங்கினால், புதுப் பிளேட்டால் எழுத்தின் ஓரத்தை ஒட்டி வெட்டி அந்தப் படலத்தை உரித்து எடுப்பது இன்னும் சுத்தம்.

இந்த விமானம் இவ்வளவோடு சரிவரும். அடுத்ததற்கு அடியில் இருந்தே தொடங்க வேண்டும்.

பாகங்கள் பெட்டியில் கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டத்தில் இருந்து வெட்டும் முன் அவற்றை இளஞ்சூட்டுத் தண்ணீரில், பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தில் ஒரு சொட்டு விட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். அச்சில் இருந்து வரும் எண்ணெய்த் தன்மை இதில் போய்விடும். கட்டி முடித்து வர்ணம் அடிக்கும் முன் இன்னொரு தடவை துடைக்க வேண்டும். கை வியர்வை ஒன்று, கடலோர வீடென்றால் உப்புப் படிவு இன்னொன்று. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஜன்னல் திறந்த அறையில் ஒரு கிழமை வைத்த மொடலில் மெல்லிய பிசுபிசுப்பு இருக்கும். அதன்மேல் அடித்த வர்ணம் மறைப்பு நாடாவோடு சேர்ந்து கழன்று வரும். ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் ஐசோபுரோப்பைல் அல்ககோல் தோய்த்த துணியால் ஒரு தடவை. வர்ணம் அடித்த பிறகு அந்த அல்ககோலைக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம், டமியா அக்ரிலிக்கைக் கரைத்துவிடும்.

பொருத்துக் கோடுகளை நிரப்பித் தேய்க்க 400, 600, 1000 என்று வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்தால் போதும். 400-இன் கீறல் பிறைமருக்கு அடியிலும் தெரியும் என்பதால் இடையில் 600-ஐ விட்டுவிடாதீர்கள். பிறைமருக்கு, அதாவது வர்ணத்துக்கு முன்னான அடிப்பூச்சுக்கு, மிஸ்டர் சர்ஃபேசர் 1200 அல்லது 1500, ஒன்றுக்கு ஒன்றரை லெவலிங் தின்னர். ஹார்ட்வெயார் கடையில் லீற்றர் கணக்கில் கிடைக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரை இதில் கலக்க வேண்டாம். மரத் தளபாடத்துக்கும் வாகனத்துக்கும் அது சரி. பொலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கின்மேல் ஈரமாகப் பட்டால் மேற்பரப்பைக் கரைத்து, பனல் கோடுகளை (தகட்டு இணைப்புகளைக் காட்டும் பள்ளக் கோடுகளை) மழுங்கடித்துவிடும். போத்தலுக்குப் போத்தல் கலவையும் ஒரேமாதிரி இருப்பதில்லை. எயார்பிரஷ் கழுவ அது நல்லது, மலிவு; அந்த வேலைக்கு மட்டும் வைத்திருங்கள்.

கொம்பிரசரில் சேரும் தண்ணீரைப் பற்றி இங்கே கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும். ஈரக் காற்றை அமுக்கினால் அதில் இருக்கும் ஈரத்தின் பெரும்பகுதி தண்ணீராகப் பிரியும். அது தாங்கியின் அடியில் நிற்கும். மிச்சம் குழாயில் குளிர்ந்து, நீங்கள் சிறகின் நடுவில் அடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு துளியாகத் தெறிக்கும். அந்தத் துளி விழுந்த இடத்தில் அக்ரிலிக் வட்டமாக உரிந்து நிற்கும். கொம்பிரசரில் பொருத்திவரும் நீர்ப்பொறி (காற்றில் உள்ள தண்ணீரைப் பிடித்து வைக்கும் குப்பி) இதற்குப் போதாது, ஏனென்றால் அங்கே காற்று இன்னும் சூடு. தண்ணீர் ஆவியாகவே கடந்து போய்விடும். மூன்று மீற்றர் குழாய் போட்டு, எயார்பிரஷ்ஷுக்குக் கிட்ட இரண்டாவது சிறிய நீர்ப்பொறி ஒன்றை மாட்டுங்கள். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் தாங்கியின் அடித் திருகைத் திறந்து விடுங்கள். மாரிகாலத்தில் வேலைக்கு நடுவிலும் ஒரு தடவை.

ஹரிக்கேனின் நிறங்களுக்கு வருவோம். சீனக்குடா விமானத்தளத்தில் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியத் தாக்குதலை எதிர்த்து மேலெழுந்தவை பிரித்தானிய விமானப்படையின் 261-ஆவது ஸ்குவாட்ரன் ஹரிக்கேன்கள். ஊர்க்காரர் கட்டுவது பெரும்பாலும் அதைத்தான், உங்களுடையதும் அதுவாகவே இருக்கும். பெட்டியில் வரும் கடும்பச்சை, மண்ணிறம், அடியில் ஸ்கை எனப்படும் வெளிர்பச்சை என்ற மூன்று நிறத்துக்கு டமியாவில் எக்ஸ்எஃப்-81, எக்ஸ்எஃப்-52, எக்ஸ்எஃப்-21 கிட்ட வரும். 1/72 அளவில் போத்தல் நிறத்தை அப்படியே அடித்தால் கறுத்துத் தெரியும். பத்துப் பங்கு வர்ணத்துக்கு ஒரு பங்கு வெளிர்மஞ்சள் சாம்பல் அல்லது பஃப் (வெளிர் மணல் நிறம்) சேருங்கள். வெறும் வெள்ளை சேர்த்தால் பச்சை சுண்ணாம்பு பூசியதாகிவிடும். வட்டச் சின்னத்தையும் கவனியுங்கள். நடுச் சிவப்பை நீக்கிய தென்கிழக்காசிய வட்டங்கள் இதற்குப் பின்னர் வந்தவை. 1942 ஏப்ரலுக்குச் சிவப்பு மையம் உள்ள வட்டம்தான் வேண்டும்.

டமியா அக்ரிலிக் ஒரு பங்குக்கு லெவலிங் தின்னர் ஒன்றரைப் பங்கு, 0.3 மில்லிமீற்றர் ஊசி, 15 பிஎஸ்ஐ அழுத்தம், பத்துச் சென்ரிமீற்றர் தூரம்: இதில் இருந்து தொடங்குங்கள். வல்லெஹோ கம்பனியின் நீர் அக்ரிலிக் வைத்திருந்தால் இந்தத் தின்னர் ஆகாது, கோப்பைக்குள்ளேயே பசையாகத் திரளும்; அதற்கு அதன் தின்னர்தான். முதலில் ஸ்கை, பிறகு மண்ணிறம், கடைசியில் பச்சை. பச்சைக்கு எல்லை பிடிக்க ஒட்டும் களியை மூன்று மில்லிமீற்றர் தடிப்பில் திரியாக உருட்டி வளைவுகளில் வைத்து, நேர்செங்குத்தாக அடியுங்கள். சரித்து அடித்தால் களிக்கு அடியில் வர்ணம் புகுந்து ஓரம் ஒரு பக்கம் மங்கலாகவும் மறுபக்கம் கூர்மையாகவும் வரும். ஒரு மில்லிமீற்றருக்குள் மெல்லிய மங்கல் ஓரம் இருந்தால் 1/72-க்குச் சரி. அதற்கு மேல் மங்கினால், மங்கல் ஓரத்தோடு வர்ணம் அடித்த ஜேர்மன் விமானமாகிவிடும்.

வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் அடிக்கும் காலத்தில் பிரச்சினை தலைகீழாகும். காற்று சூடு, வறட்சி. வர்ணம் ஊசி நுனியிலேயே காய்ந்து அடைக்கும், துளிகள் வழியிலேயே காய்ந்து சொரசொரப்பாக விழும். தின்னரை இரண்டு பங்காகக் கூட்டி, அழுத்தத்தை 12-க்குக் குறைத்து, ஆறு ஏழு சென்ரிமீற்றருக்குக் கிட்டப் போங்கள். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டாடரை நூற்றுக்கு ஐந்து என்ற அளவில் சேர்த்தால் நுனி அடைப்பது குறையும், பத்துக்கு மேல் போனால் நாட்கணக்கில் ஒட்டும். கச்சானோடு வரும் தூசு தனிக் கரைச்சல். ஜன்னலைச் சாத்தி, சீமெந்துத் தரையில் தண்ணீர் தெளித்து அரை மணித்தியாலம் விட்டு அடியுங்கள். மாரியில் அதே தண்ணீரைத் தெளிக்காதீர்கள், ஈரப்பதம் ஏறும். மழை விட்ட அந்தியில் லைற் போட்டு அடித்தால் ஈசல் வந்து சிறகில் ஒட்டும். அதை ஈர வர்ணத்தில் இருந்து எடுக்க முயலாமல் காயவிட்டு, 2000 வாட்டர் பேப்பரால் தேய்த்துவிட்டு அந்த இடத்தை மட்டும் திரும்ப அடிப்பதே வழி.

நூறு பேரில் தொண்ணூறு பேர் அவசரப்படுவது வர்ணத்துக்கும் மினுக்க வார்னிஷுக்கும் இடையில்தான். தொட்டால் ஒட்டாது என்பதும் காய்ந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. அக்ரிலிக்குக்கு 24 மணித்தியாலம், மாரியில் 48. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகள் நாலைந்து போட்டு அதற்குள் வைத்தால் மழைக்காலத்தில் நேரம் நன்றாகக் குறையும். சிலர் பெட்டிக்குள் பல்ப் போடுவார்கள். 15 வாற்றுக்கு மேல் வேண்டாம், உள்ளே 45 பாகையைத் தாண்டவும் விட வேண்டாம். சில்லுக் கதவு, அன்ரெனா மாதிரி மெல்லிய பாகங்கள் வளைந்துவிடும். மலிவான ஈரப்பதமானிகூட இந்த வேலைக்குக் காணும். அது 75-க்கு மேல் காட்டினால் லாக்கர் வார்னிஷ் டின்னைக் கையில் எடுக்காதீர்கள். 65-க்குக் கீழே என்றால் யோசிக்காமல் அடிக்கலாம்.

டெக்கலுக்கு முன்னான மினுக்கப் படை டமியா எக்ஸ்-22 ஆக இருக்கலாம், ஒன்றுக்கு இரண்டு லெவலிங் தின்னர். முதல் இரண்டு படை தூவலாக, மூன்றாவது ஈரமாக. பல்ப்பின் பிரதிபலிப்பு சிறகில் ஓரம் தெளிவாகத் தெரிந்தால் போதும், கண்ணாடியாக வேண்டியதில்லை.

டெக்கல் ஊற வைக்கக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். கடற்கரைப் பக்கக் கிணறுகளில் உப்பும் சுண்ணாம்பும் கூட. டெக்கல் காய்ந்ததும் அதைச் சுற்றி வெள்ளை வளையம் நிற்கும். மேலே வார்னிஷ் அடித்தபின் அதை எடுக்க முடியாது. பற்றரிக்கு விடும் காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு போத்தல் வாங்கி வையுங்கள். கடைக்காரர் எடுத்துத் தருவது தண்ணீரா அசிட்டா என்று லேபலைப் பார்த்து வாங்குங்கள். டெக்கலைப் பதினைந்து விநாடி தோய்த்து எடுத்து, கடதாசியோடு மேசையில் ஒரு நிமிடம் வையுங்கள். தண்ணீருக்குள்ளேயே கிடந்தால் பசை கரைந்து போய்விடும். ஒட்டும் இடத்தில் டெக்கல் நன்றாகப் பிடிக்க உதவும் மைக்ரோ செட் திரவத்தைப் பூசி, டெக்கலை வழுக்கி வைத்து, பஞ்சுக் குச்சியை நடுவில் இருந்து ஓரத்துக்கு உருட்டுங்கள். தேய்க்க வேண்டாம். பத்து நிமிடத்தால் மைக்ரோ சோல். அது பட்டதும் டெக்கல் சுருங்கி நெளியும், பார்க்கப் பயமாக இருக்கும். கைவைத்தால் கிழியும், விட்டால் தானாக நீண்டு பனல் கோட்டுக்குள் இறங்கும். அடுத்த நாள் ஈரத்துணியால் மிச்சப் பசையைத் துடைத்து, மெல்லிய மினுக்கப் படை ஒன்றால் மூடுங்கள்.

பனல் கோட்டை எடுத்துக்காட்ட விடும் நீர்த்த கறுமை வர்ணமான கழுவல் பூச்சு இந்தப் படைக்கு மேலேதான். கழுவலின் கரைப்பான் அடிப்படலத்தைத் தாக்காததாக இருக்க வேண்டும். இந்தத் தொழிலில் முழு ஒழுங்கும் அதை வைத்துத்தான் நிற்கிறது. லாக்கரும் அக்ரிலிக்கும் அடியில், எனமலும் ஒயில் வர்ணமும் மேலே. ஒயில் வர்ணத்தில் பேர்ன்ற் அம்பர் என்ற கடும் பழுப்பு மூன்று பங்கு, கறுப்பு ஒரு பங்கு எடுத்து, மணமற்ற வைற் ஸ்பிரிட்டில் எட்டு மடங்கு கரைத்து, தூரிகை நுனியால் கோட்டைத் தொட்டால் ஓடிப் பரவும். அரை மணித்தியாலத்தில் பஞ்சுக் குச்சியால் காற்றோட்டத் திசையில், அதாவது சிறகின் முன்னோரத்தில் இருந்து பின்னோரத்துக்குத் துடையுங்கள். தனிக் கறுப்பால் கோடு இழுத்தால் ஓடு பதித்த தரை மாதிரித்தான் தெரியும். ஒரு எச்சரிக்கை: எனமல் தின்னர், வர்ணம் படாத பிளாஸ்டிக்கில் தேங்கினால் அதை நொறுங்க வைக்கும். சில்லுக் கால்கள் பொருத்தும் துளை, சிறகு மூட்டின் உட்புறம் போன்ற இறுக்கமான இடங்களில் அடுத்த நாள் தானாக வெடித்து நிற்கும். அந்த இடங்களில் கழுவலை ஊற்றாதீர்கள். ஒயில் வர்ணம் மாரியில் காய மூன்று நாலு நாள் எடுக்கும்.

தேய்மானம் காட்டும் வேலையில்தான் ஹரிக்கேனை அதிகம் கெடுக்கிறார்கள். வெள்ளிப் பென்சிலை எடுத்து விமானம் முழுக்கப் புள்ளி வைப்பார்கள். ஹரிக்கேனின் பின்னுடல், விமானி அறைக்குப் பின்னால் இருந்து வால் வரை, சட்டத்தின்மேல் இழுத்துக் கட்டிய துணி. திசைதிருப்பும் பலகைகளும் துணி. அங்கே உரிந்தால் உலோகம் தெரிய வழியில்லை. வெள்ளி வரக்கூடியது என்ஜின் மூடி, துப்பாக்கிப் பனல்கள், விமானி ஏறும் சிறகு வேர், சிறகின் முன்னோரம் ஆகிய இடங்களில்தான். ரொட்டோல் கம்பனி செய்த சுழலியின் (முன் விசிறியின்) இலைகள் பல மரத்தாலானவை. அவற்றிலும் வெள்ளி கூடாது, முனை மஞ்சளும் நடுவில் மங்கலும் போதும். 261-ஆவது ஸ்குவாட்ரன் சீனக்குடாவுக்கு வந்தது 1942 மார்ச்சில். சண்டை ஏப்ரல் 9. ஆகவே இந்த ஊர் வெயிலில் வருடக்கணக்கில் வெந்த விமானமாக அதைக் காட்ட வேண்டிய தேவை இல்லை. பாதுகாப்பாகச் செய்ய, உலர்ந்த பஞ்சுத் துண்டை அலுமினிய நிறத்தில் தோய்த்து, கடதாசியில் ஒற்றி ஒற்றி ஏறக்குறையக் காய்ந்த பிறகு முன்னோரத்தில் தட்டுங்கள். தூரிகையால் வைக்கும் ஒரு மில்லிமீற்றர் புள்ளி 1/72-இல் நிஜ அளவுக்கு ஏழு சென்ரிமீற்றர் அகலம் வந்துவிடும்.

புகைக் கறைக்கு எக்ஸ்எஃப்-1 கறுப்பும் எக்ஸ்எஃப்-64 செம்மண்ணிறமும் சமமாகக் கலந்து, பத்து மடங்கு தின்னர், 10 பிஎஸ்ஐ. புகைக்குழாயில் இருந்து சிறகு வேருக்கு மேலாகப் பின்னோக்கி ஓடும் ஒரு கோடு, நாலைந்து தடவை. முதல் தடவையில் ஒன்றுமே தெரியாது, தெரியக்கூடாது. அதன் நடுவில் வெளிர்சாம்பல் ஒரு மெல்லிய கோடு ஓடவிட்டால் உண்மைக்குக் கிட்ட வரும். மெலிந்த எரிபொருள் கலவையில் ஓடிய என்ஜின் கறுப்பைவிட வெளிர்ந்த கறையைத்தான் விடும். துப்பாக்கித் துளைகளை மூடிய செந்துணி ஒட்டுகள் முழுதாக இருந்தால் அந்தச் சிறகுக்கு அடியில் வெடிமருந்துக் கறை வைக்க வேண்டாம். சுடாத துப்பாக்கிக்குப் புகை வராது.

கடைசிப் படைக்கு முழு மேட் வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள். என் கணிப்பில் 1/72-க்கு முழு மேட் கரிக்கட்டித்தனமாகத் தெரியும். மேட் இரண்டு பங்கு, மினுக்கம் ஒரு பங்கு கலந்தால் வர்ணத்துக்கு உயிர் இருக்கும். அதே நாளில் சீனக்குடாவைத் தாக்கிய ஜப்பானியச் சண்டை விமானமான ஸீரோ கட்டுவதாக இருந்தால் இன்னும் மினுக்கம் தேவை, ஒன்றுக்கு ஒன்று. கப்பலில் இருந்து பறந்த அந்த விமானங்களின் சாம்பல் பூச்சு வழவழப்பானது. வார்னிஷ் போத்தலை இரண்டு நிமிடம் குச்சியால் கிளறுங்கள், குலுக்கினால் மட்டும் அடியில் படிந்த தூள் எழும்பாது. எழும்பாத போத்தலின் முதல் பாதி மினுங்கும், கடைசிப் பாதி வெளுக்கும். டமியா எக்ஸ்-21 பிளற் பேஸைத் தனியாக அடிக்கும் பொருள் என்று நினைத்து வாங்கி விடுகிறார்கள். அது மினுக்க வார்னிஷில் கலக்கும் சேர்மானம், நாலில் ஒரு பங்குக்கு மேல் போனால் பனி படிந்ததாக வெளுக்கும். தயாராக வரும் மேட் வார்னிஷான எக்ஸ்எஃப்-86 வாங்குவது சுகம். ஸ்ப்ரே டின்தான் இருக்கிறது என்றால், டின்னைப் பத்து நிமிடம் 35 பாகை போன்ற கைச்சூட்டுத் தண்ணீரில் வைத்து எடுங்கள், அதற்கு மேல் சூடு வேண்டாம், அடுப்பில் வைக்கவே வேண்டாம். விமானத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி 25 சென்ரிமீற்றர் தூரத்தில் விரைவாக ஓட்டுங்கள். முதலில் பழைய கரண்டி ஒன்றிலோ எறியப்போகும் சிறகிலோ அடித்து ஐந்து நிமிடம் பாருங்கள். அது வெளுத்தால் அன்று வேலை இல்லை.

லாக்கர் அடிக்கும் அறையில் சாமி விளக்கும் நுளம்புத்திரியும் எரியக்கூடாது, பக்கத்து அறையில் காஸ் அடுப்பும்தான். துணி முகமூடி துளிகளைத்தான் தடுக்கும். கரைப்பான் ஆவிக்குக் கரிக் குப்பி பொருத்திய முகமூடி வேண்டும். வாகனத்துக்கு ஸ்ப்ரே அடிக்கும் கராஜ்காரர் போடும் அதே வகை.

கண்ணாடி மூடியின் மறைப்பு நாடாவை எல்லாம் முடிந்த பிறகு எடுங்கள், ஆனால் வாரக்கணக்கில் விட வேண்டாம், வெக்கையில் பசை மூடியிலேயே தங்கும். முதலில் நாடாவின் ஓரத்தில் பிளேட் நுனியால் ஒரு கோடு, அழுத்தாமல். பிறகு மரக் குச்சியின் கூரால் ஒரு மூலையைத் தூக்கி, நாடாவைத் தன்மேலேயே மடித்து, தாழ்ந்த கோணத்தில் இழுங்கள். பசை மிஞ்சினால் அதே நாடாவின் புதுத் துண்டால் ஒற்றி ஒற்றி எடுக்கலாம். தின்னர் வேண்டாம், தெளிந்த பிளாஸ்டிக் அதில் உடனே மங்கிவிடும்.